சிங்கம் தேடும் வண்டியில் பறவை பார்க்கப் போனேன்

நியூசிலாந்தின் ஓக்லாந்திலிருந்து துபாய்க்குப் பதினேழு மணி நேரம், அங்கிருந்து நைரோபிக்கு ஐந்து மணி நேரம். நானும் மனைவி இந்திராவும், கிளென் ஈடனில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரரான பாலாஜியும் போனோம். பாலாஜி மதுரைக்காரர். பெரிய காமிராவோடு சிங்கமும் சிறுத்தையும் படம் பிடிக்க வந்தார். நான் பறவை பார்க்க வந்தேன். அதிலும் ஒரே ஒரு பறவைக்காக.

நான் பூங்காக்களில் புல் வெட்டுகிறவன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. இயந்திரத்துக்குப் பின்னால் வந்து புழு பொறுக்கும் பறவைகளைப் பார்த்துப் பார்த்து ஆசை வந்து, ஏவன்டேல் ஞாயிற்றுச் சந்தையில் நாற்பது டொலருக்குப் பழைய பைனாகுலர் ஒன்று வாங்கினேன். பிறகு நூலகத்தில் ஒரு படம் பார்த்தேன். செக்ரட்டரி பறவை. கழுகின் தலை, கொக்கின் கால். பறக்கத் தெரிந்தும் நாள் முழுக்க நடக்கும். பாம்பை மிதித்தே கொல்லும். அதை உயிரோடு பார்க்க வேண்டும் என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன். இன்னொரு முறை இவ்வளவு தூரம் வர எங்களால் முடியாது.

முதல் நாள். நைரோபியிலிருந்து மாசாய் மாரா வனவிலங்குக் காப்பக வாசல் ஏறக்குறைய 270 கிலோமீட்டர். எங்கள் ஓட்டுநர் ஜோசப் அதிகம் பேசாதவர். வழியில் நாரோக் என்ற ஊரில் ஒரு கிலோ பயறு வாங்கி, இந்திரா தைத்துத் தந்த துணிப்பையில் நிரப்பினேன். வண்டி ஜன்னலில் அந்தப் பையை வைத்து, மேலே பைனாகுலரை வைத்தால் கை நடுங்காது. போகிறவர்கள் வெறும் பையை மட்டும் கொண்டுபோங்கள், பயறை அங்கேயே வாங்கலாம்.

மாலை நான்கு மணிக்கு உள்ளே நுழைந்தோம். எந்தப் பக்கம் திரும்பினாலும் புல், அதன் முடிவில் வானம். அங்கங்கே குடை விரித்த மாதிரி ஒரு மரம். நம் பனங்காடைக்கு உறவான ஒன்று, நெஞ்சில் ஊதாவும் இறக்கையில் நீலமுமாக, குச்சி நுனியிலிருந்து எழுந்து திரும்ப வந்து உட்கார்ந்தது. அவ்வளவு நிறத்தை ஒரு சின்ன உடம்பில் நான் கண்டதில்லை.

அங்கேதான் ஒரு தவறு செய்தேன். நியூசிலாந்தில் பாம்பும் இல்லை, ஆளை அடிக்கும் மிருகமும் இல்லை. பறவையைக் கண்டால் இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிடுவேன். அதே பழக்கத்தில், கினிக்கோழிக் கூட்டமொன்றைக் கண்டு கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்துவிட்டேன்.

“உள்ளே!” என்று ஜோசப் கத்தினார்.

இருபது அடிக்கு அப்பால் புல்லின் நிறத்திலேயே ஒரு பெண்சிங்கம் படுத்திருந்தது. அது என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, என்ன, காலைக் காட்டிச் சிங்கம் புடிக்கிறீங்களா?” என்று பாலாஜி சிரித்தார். நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு ஜோசப்பிடம் எதையும் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இரண்டாம், மூன்றாம் நாட்கள். காலை ஆறரைக்குப் புறப்படுவோம். ஓக்லாந்தில் ஜூலை குளிர்காலம், இங்கும் அதே குளிர்தான், ஜாக்கெட் வேண்டும். இன்று என்ன பார்க்க விருப்பம் என்று ஜோசப் தினமும் கேட்பார். பாலாஜி சிங்கம், சிறுத்தை என்பார். நான், “எல்லாம் நல்லது” என்பேன்.

எல்லாம் நல்லதாகத்தான் இருந்தது. எருமையின் முதுகைப் பாருங்கள், உண்ணி பொறுக்கும் சிவப்பு மூக்குக் குருவிகள் அங்கே குடியிருக்கும். காய்ந்த மரத்தின் உச்சியைப் பாருங்கள், கழுகோ பருந்தோ இருக்கும். முடி சூடிய கொக்குகள் இரண்டு ஒன்றையொன்று சுற்றி ஆடியதைப் பார்த்து இந்திரா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் தேடியது மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள் மாலை அவள் கேட்டாள்.

“இஞ்சாருங்கோ, அந்த மனுசனிட்டை ஒரு வார்த்தை சொன்னால் என்ன?”

“பாலாஜி சிறுத்தை பாக்கேல்லை. நான் குறுக்கே நிக்கக் கூடாது.”

“அப்ப உங்களுக்காக நானும் கேக்க மாட்டன். உங்கட பறவை, நீங்கள்தான் கேக்கோணும்.”

நான்காம் நாள், ஏழு மணி. ஒன்பதுக்கு நைரோபி புறப்பட வேண்டும். வண்டியின் வயர்லெஸ்ஸில் மற்ற ஓட்டுநர்களிடமிருந்து செய்தி வந்தது. ஆற்றோரம் ஒரு மரத்தில் சிறுத்தை, எட்டு கிலோமீட்டர். ஜோசப் வண்டியைத் திருப்பினார். பாலாஜி காமிராவைத் தூக்கினார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், “ஜோசப், தயவுசெய்து. செக்ரட்டரி பறவை” என்றேன்.

வண்டி நின்றது. ஜோசப் முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இருக்கைக்கு அடியிலிருந்து அட்டை போன பறவைப் புத்தகம் ஒன்றை எடுத்தார். பக்கமெல்லாம் பேனாக் குறிகள்.

“நீங்கள் பறவைக்காரரா? எல்லோரும் பூனை இனத்தைத்தான் கேட்பார்கள். நானும் வாய் திறப்பதில்லை” என்றார். “கூடு எனக்குத் தெரியும். ஆறு இருக்கும் திசைக்கு நேர் எதிரே, மூன்று கிலோமீட்டர். நேற்றும் அந்த வழியாகத்தான் போனோம்.”

“அண்ணே, சிறுத்தை நமக்காக உக்காந்திருக்காது” என்றார் பாலாஜி.

“பாலாஜி, இதுக்காகத்தான் நான் வந்தனான்.”

“மூணு நாளா ஏண்ணே சொல்லல?” அவர் சிறிது நேரம் ஆற்றுப் பக்கம் பார்த்தார். பிறகு காமிராவை மடியில் வைத்தார். “சரி. போங்க ஜோசப்.”

தட்டையான ஒரு முள்மரத்தின் உச்சியில் கூடு வெறுமையாக இருந்தது. ஜோசப் இயந்திரத்தை நிறுத்தி, “அது தாமதமாகத்தான் வேலைக்குப் போகும், தூரம் போயிருக்காது” என்றார். புல்லை அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். இந்திராதான் முதலில் கண்டாள்.

அது நடந்து வந்தது. சாம்பல் உடம்பு, கறுப்பு அரைக்காற்சட்டை போட்டதுபோன்ற தொடை, செம்மஞ்சள் முகம், தலைக்குப் பின்னால் காற்றில் விரியும் கறுத்த இறகுகள். என் இடுப்புக்கு மேல் உயரம். அவசரமே இல்லை. திடீரென நின்று, ஒரு காலால் நிலத்தை அடித்தது. சத்தம் எங்களுக்கே கேட்டது. மறுபடியும் அடித்தது. குனிந்து எதையோ விழுங்கிவிட்டு, எங்கள் வண்டியைச் சுற்றிக்கொண்டு தன் வழியே போனது. நான் பைனாகுலரை எப்போது இறக்கினேன் என்று தெரியாது. வெறுங்கண்ணே போதுமாக இருந்தது.

நாங்கள் ஆற்றோரம் போய்ச் சேர்ந்தபோது மரம் வெறுமையாக நின்றது. சிறுத்தை போய்விட்டது.

நைரோபி வழியில் பாலாஜி நாரோக் வரை காமிராவிலிருந்த படங்களையே பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, “மூணு நாள் மூடின வாயை இன்னும் அரை மணி நேரம் மூடியிருந்தா என்னண்ணே?” என்றார். இந்திரா வெடித்துச் சிரித்தாள். அவரும் சிரித்தார், முழுச் சிரிப்பல்ல. நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஓக்லாந்துப் பூங்காவில் பறவை பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை, நானும் என் இரண்டு காலும் போதும். இந்தச் சவன்னாப் புல்வெளியில் உங்கள் கால் இன்னொருவர் கையில் இருக்கிறது. ஆகவே கூச்சமுள்ளவர்களுக்குச் சொல்கிறேன்: எந்தப் பறவைக்காகப் போகிறீர்களோ, முதல் நாள் காலையிலேயே ஓட்டுநரிடம் சொல்லிவிடுங்கள். அன்றே நான் சொல்லியிருந்தால், பாலாஜிக்கும் சிறுத்தை கிடைத்திருக்கும்.