மூன்று அடுப்புக் கற்கள்

கரும்பலகையை அழிப்பதென்றால் ஜுலீகாவுக்கு அடுப்படி கழுவுகிற மாதிரி. வகுப்பு முடிந்து மற்றவர்கள் ட்ராமைப் பிடிக்க ஓடுவார்கள். இவள் டஸ்டரை எடுத்து மேல் மூலையில் ஆரம்பித்து, தேதி, தலைப்பு, நான் தெரியாமல் வைத்த சாக்பீஸ் புள்ளி வரை ஒன்றையும் விடமாட்டாள். கடைசியில் ஈரத்துணியால் ஒரு துடைப்பு. "அழுக்கா விட்டுட்டுப் போறது எங்க வீட்டு வழக்கமில்ல டீச்சர்."

ஐம்பத்தாறு வயது. கணவர் போய் ஆறு வருடம். பிள்ளைகள் தனித்தனிக் குடித்தனம். காலையில் ஓரான் நகரச் சந்தை முனையில் கரன்டிக்கா விற்கிறாள்: கடலைமாவைக் கரைத்துத் தட்டில் சுட்டு, துண்டு போட்டு, ரொட்டிக்குள் வைத்து மேலே சீரகப்பொடி. சாயங்காலம் என்னிடம் தனித்தேர்வர் வகுப்பு. பள்ளி இறுதித் தேர்வை இரண்டு தடவை எழுதிவிட்டாள். இரண்டு தடவையும் காலை வாரியது இலக்கியம். அந்த வகுப்பில் அவளைப்போல் கவிதையை விரும்புகிறவர் வேறு யாரும் இல்லை, என்னையும் சேர்த்துத்தான்.

கோளாறு படிக்கிற விதத்தில். எதைக் கொடுத்தாலும் உள்ளே போய்க் குடியேறிவிடுவாள். பாடப்புத்தகத்தில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்கார்ந்திருக்கும் ஓவியம். ஒளியும் நிழலும் பற்றி எழுதச் சொன்னேன். 'இந்தக் கண்ணாடியைத் துடைத்து மூன்று மாதமாவது ஆகியிருக்கும், அவளுக்கு ஏதோ கவலை' என்று எழுதியிருந்தாள்.

பாலைவனத்துப் பழைய அரபுக் கவிதைகளில் தொடக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். காதலியின் கூட்டம் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டிருக்கும். பிறகு கவிஞன் வருவான், ஒட்டகத்தை நிறுத்துவான், கரிபிடித்த மூன்று அடுப்புக் கற்களைப் பார்த்து அழுவான். 'இது மரபு' என்று எழுதினால் மதிப்பெண். ஜுலீகா எழுதியது: 'அவ்வளவு நேரம் வெயிலில் நின்ற ஒட்டகத்துக்கு யாரும் தண்ணீர் காட்டவில்லை.' நான் சிவப்பு மையில் 'பாடத்துக்கு வெளியே' என்று எழுதினேன். அவள் நோட்டில் என்னுடைய சிவப்பு மைதான் அதிகம்.

டாக்சி ஓட்டிவிட்டு வகுப்புக்கு வரும் பையன் வாஸினிக்கு இதெல்லாம் பண்டிகை. "பெரியம்மா, ஒட்டகத்தை விடு. அவன் அழறான்னு எழுது, பாஸ் பண்ணிடலாம்."

"உன் டாக்சிக்கு மட்டும் நிழல் தேடித் தேடி நிறுத்துறே. அது உயிரில்லாததுடா."

கடைசி வகுப்பில் அதே கவிதையை வைத்தே மாதிரித் தேர்வு. பலகையில் மூன்று கற்களை வரைந்து, கேள்வியையும் எழுதிப் போட்டேன்: கவிஞன் ஏன் நின்றான்? உங்கள் சொந்த உணர்வைப் பத்து வரியில் எழுதுக. ஜுலீகா இரண்டே வரி எழுதியிருந்தாள். 'அவன் நின்றதில் எனக்குச் சந்தோஷம். போனவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.'

எல்லோரும் போனபின் கூப்பிட்டுக் கேட்டேன், மிச்ச எட்டு வரி எங்கே என்று.

"எழுதினா நீங்க பாடத்துக்கு வெளியேன்னுடுவீங்க." நோட்டை மூடினாள். "அப்ப எனக்குப் பத்தொன்பது வயசு. திலிம்சான்ல எங்க வீட்டுக்கு எதிர்த்தாப்புல சைக்கிள் கடை. அந்தப் பையனைப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டாங்க. ரெண்டு வருஷத்துல வந்து உங்கப்பாகிட்ட பொண்ணு கேக்கறேன்னான். அவன் பட்டாளத்துல தெற்கே இருக்கறப்பவே அப்பாவுக்கு இங்க மாத்தல் வந்திடுச்சு. அம்மா வீடு பூராக் கழுவினா. பூந்தொட்டி வச்ச வட்டத்தைக்கூட விடல, தேச்சு எடுத்துட்டா. இந்தக் கவிஞனுங்களுக்காவது மூணு கல்லு கிடந்துச்சு. அவன் வந்தா எதைப் பார்த்து நிப்பான்?"

"வந்தாரா?"

"யாருக்குத் தெரியும்? அதுக்குத்தான் இதைப் படிக்கிறேன். இதுல வர்றவனுங்க எல்லாம் வந்து நின்னிருக்கானுங்களே."

இருபது வருடமாக இந்தப் பாட்டுகளை நடத்துகிறேன். போனவளும் ஏங்கியிருப்பாள் என்று ஒரு நாள்கூட எனக்குத் தோன்றியதில்லை. வெட்கமாக இருந்தது. சிவப்புப் பேனாவை மூடி வைத்தேன். ஆனால் தேர்வில் திருத்தப் போவது நான் இல்லை. அடுத்த வாரம் மரபு என்றே எழுதிவிடுங்கள், இந்தத் தடவையாவது பாஸ் ஆகட்டும் என்று கெஞ்சினேன்.

"எழுதறேன். மனப்பாடமே பண்ணிட்டேன். 'இது மரபு, கவிஞர் உண்மையில் அங்கே நிற்கவில்லை.' சரிதானே டீச்சர்?" சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

நான் தாள்களை அடுக்கினேன். அவள் வழக்கம்போல் டஸ்டரை எடுத்தாள். மேல் மூலையில் ஆரம்பித்துத் தேதியை அழித்தாள், தலைப்பை அழித்தாள், என் கேள்வியையும் அழித்தாள். அந்த மூன்று கற்களிடம் வந்ததும் கை நின்றது. சுற்றிலும் மட்டும் ஒட்டித் துடைத்தாள். பிறகு துடைக்கிற துணியை நனைக்காமலே மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, விளக்கை அணைத்தாள்.