அவர் வைத்த காட்டு ஜெரேனியம்

நாடு விட்டு வந்து குடியேறிய எங்கள் டூங்கபி வீட்டு வளவில் நான் ரோசா வைத்தேன், கறிவேப்பிலை வைத்தேன். என் கணவர் வைத்தது ஒரேயொரு செடி, அதுவும் களை. ஓடைக்கரைக்கு நடக்கப் போனவர் காட்டு ஜெரேனியத்தின் காய்களைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தார். கொக்கின் சொண்டு மாதிரி நீண்ட காய். காய்ந்ததும் தானாகச் சுருண்டு விதையைத் தூர எறியுமாம். எங்கள் வீட்டில் சட்டைப்பைக்குள்ளேயே எறிந்துவிட்டது. உடுப்புத் தோய்க்கும்போது திட்டித் திட்டிப் பொறுக்கிக் கொடுத்தேன்.

வேலியோரம் முளைத்துப் படர்ந்தது. பூ வெளிறிய ரோசா நிறம், சட்டைப் பொத்தானைவிடச் சின்னது. "இதுக்கோ இவ்வளவு பாடு?" என்று கேட்டேன். கிட்டப் போய் அதைப் பார்த்ததேயில்லை. குசினி யன்னலால் பார்த்ததோடு சரி.

போன மார்கழியில் அவர் படுக்கையோடு கிடந்தார். இங்கத்தைய மார்கழிக் கோடை வெயிலில் செடி கருகிவிட்டது என்று சொன்னேன்.

"அது சாகேல்லை. கிழங்கு கீழ கிடக்கு, மழைக்கு வரும். பிடுங்கிப்போடாதையும்."

"ஓம், ஓம்" என்றேன். அவருக்குச் சொன்ன எத்தனையோ ஓம்களில் அதுவும் ஒன்று.

தையில் போய்விட்டார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வீடும் வளவும் துப்புரவாக இருக்கவேண்டும். சனம் வரும், பார்க்கும், பிறகு கதைக்கும். மெல்போர்னிலிருந்து வந்த மகள் வீட்டுக்குள் கூட்டிக் கழுவ, நான் மண்வெட்டியோடு வளவில் இறங்கினேன். அந்த மாதம் முழுக்க எனக்கு எல்லார் மேலும் கோபம், அவர் மேல்தான் கூடுதலாக. வேலியோரத்துச் சருகையெல்லாம் கொத்தினேன். முள்ளங்கி மாதிரித் தடித்த கிழங்கொன்று வந்தது. அதையும் வெட்டிப் பச்சை மூடிக் குப்பைத் தொட்டிக்குள் எறிந்தேன். அடுத்தநாள் காலையில் குப்பை லொறி வந்து எடுத்துக்கொண்டு போனது.

அந்தியேட்டிக்கு வந்தவர்கள் வளவு வடிவாக இருக்கிறது என்றார்கள். அவருடைய படத்துக்கு முன்னால் சாப்பாடு படைக்கும்போதுதான் அந்தப் "பிடுங்கிப்போடாதையும்" என் காதில் விழுந்தது. கடைசி நாட்களில் அவர் என்னிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான். அதைக்கூட நான் செய்யவில்லை. சாம்பாரில் உப்புக் குறைவோ என்று ஒரு அன்ரி கேட்டா.

பிறகு மழை வந்தது. வேலியோரம், படியோரம், சீமெந்து வெடிப்பு, எங்கும் பச்சையாக முளைத்தது. விதை தூரப் போகும் என்று அவர் சொன்னது ஞாபகம் வந்து, இதில் அப்பாவின் செடி எது என்று கேட்டுப் படம் எடுத்து மகளுக்கு அனுப்பினேன். இலை சின்னனாக இருக்கும்போது சொல்ல ஏலாது, பூக்கட்டும் அம்மா என்றாள்.

பூக்கும் வரைக்கும் நான் எதையும் வெட்ட விடவில்லை. புல் முழங்காலைத் தாண்டிவிட்டது. போன கிழமை எதிர்வீட்டு மதுரைக்காரர் வந்தார்.

"இவ்ளோ வளர்ந்தா பாம்பு வரும்ங்க. மெஷின் இருக்கு, நான் வெட்டித் தர்றேன்."

"வேண்டாம். அவர் வைச்ச செடி ஒண்டு அதுக்குள்ள நிக்குது."

"எதுங்க?"

காட்டலாம் என்று கையை நீட்டினேன். இத்தனை வருசத்தில் ஒருநாளாவது குனிந்து அந்த இலையைப் பார்த்திருந்தால் காட்டியிருப்பேன். மதுரைக்காரர் திரும்பிப் போனபிறகு வாளியை எடுத்து எல்லாக் களைக்கும் தண்ணீர் ஊற்றினேன்.