களியை மென்றவள்

என் அண்ணி குணசுந்தரிக்கு ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிடத் தெரியாது என்று எங்கள் உறவில் ஒரு பேச்சு உண்டு. சுத்தப் பொய். பம்பாய்க்குப் போய் வருவதற்கு முன்னால் அவள் சாப்பிட உட்கார்ந்தால் அப்படி ஒரு நிதானம். சோற்றைப் பிசைவதே தனி அழகாக இருக்கும். மழை கொட்டினாலும், வாசலில் யாராவது கூப்பிட்டாலும் தட்டு காலியாகாமல் எழுந்திருக்க மாட்டாள். பம்பாயிலிருந்து வந்த பிறகுதான் இரண்டு வாய் வைத்ததும் எழுந்துகொள்ள ஆரம்பித்தாள். நெஞ்சுக்குழியில் ஒரு கையை அழுத்திக்கொண்டு அடுப்படியிலிருந்து வாசல் கேட் வரை, அங்கிருந்து மறுபடி அடுப்படி வரை, இடுப்பு வலி கண்டவள் மாதிரி நடப்பாள். நடுவில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குவாள். சுவரில் சாய்வாள். மறுபடி நடப்பாள். பார்க்கிற நமக்கே கால் வலிக்கும்.

நான் லதா. அவளுடைய ஒரே நாத்தனார். எனக்கு வாய்த்துடுக்கு என்று என் அண்ணன் தாமோதரன் சொல்வான், சொல்லிவிட்டுப் போகட்டும். அவன் மண் வாரும் இயந்திரங்கள் செய்யும் பெரிய ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் குடியிருந்தார்கள். நான் ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தேன். என் புருஷன் தங்கச் சுரங்கத்தில், ஆளை இறக்கி ஏற்றும் கேஜ் கூண்டில் ஏறி இறங்குகிறவர்.

பம்பாய்க்குப் போகும் முன் அண்ணியின் உடம்பு மிகவும் பெருத்திருந்தது. முழங்கால் இரண்டும் போய்விட்டன. சர்க்கரை ஏறியது ஏறியபடி இருந்தது. படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று ராத்திரி முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினாள். பம்பாயில் வேலையிலிருந்த அவள் தம்பி அனில் வந்து பார்த்து, அழுதுவிட்டு, கையோடு கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஒரு டாக்டர் அவள் இரைப்பையின் மேல்பக்கத்தைச் சுற்றி ஒரு பட்டையைப் போட்டு இறுக்கி அனுப்பினார். பட்டையிலிருந்து ஒரு குழாய், குழாயின் முனையில் ஒரு பொத்தான், அது வயிற்றுத் தோலுக்கு அடியில். அந்தப் பொத்தானில் ஊசி குத்தி உப்புத் தண்ணீரை ஏற்றினால் பட்டை இறுகும், எடுத்தால் தளரும். கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். கூழாகும் வரை மெல்ல வேண்டும், சாப்பிடும்போது தண்ணீர் குடிக்கக் கூடாது. இதுதான் சட்டம்.

ஊரில் பித்தப்பைக் கல் என்று சொல்லிவைத்தார்கள். உண்மையை எப்படிச் சொல்ல முடியும்? சுரங்கத்தை மூடப் போகிறார்கள் என்று தங்க வயல் முழுக்க ஒரே பேச்சாக இருந்த சமயம் அது. நாளைக்கு ஷிப்ட் உண்டா இல்லையா என்று என் புருஷனே தினமும் யாரையாவது கேட்டுக்கொண்டு திரிந்தார். சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் அடுப்பு ஒருவேளைதான் புகைந்தது. அந்த நேரத்தில், சாப்பிட முடியாமல் செய்துகொள்வதற்காக ஒருத்தி ரயிலேறிப் போய் வந்தாள் என்றால் ஊர் சும்மா விடுமா? விஷயம் தெரிந்த அன்றைக்கு நானே சும்மா இருக்கவில்லை. உனக்கெல்லாம் கொழுப்பு என்று முகத்துக்கு நேராகக் கேட்டுவிட்டேன். ஆனால் அவள் கட்டிலில் மல்லாந்து படுத்துத் தூங்குவதை அந்த வாரமே பார்த்தேன். அதன் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

எது இறங்கும், எது அடைக்கும் என்பதில் ஒரு நியாயமும் கிடையாது. மெத்தென்று இருக்கிற இட்லி அடைக்கும். பன் அடைக்கும். சோறு கட்டாயம் அடைக்கும். மொறுமொறுவென்று இருக்கிற முறுக்கு சமர்த்தாக இறங்கிப் போகும். அடைத்துவிட்டால் நெஞ்சில் கல்லை வைத்த மாதிரி வலி, வாயெல்லாம் எச்சில் ஊறும். கொல்லைப்பக்கம் போய்க் கொழகொழவென்று சளி மாதிரித் துப்பிக்கொண்டே நிற்பாள். சாப்பிட்டது இறங்க வேண்டும், இல்லையென்றால் மேலே வர வேண்டும். அதுவரைக்கும் நடைதான். என் அண்ணனுக்கு எல்லாமே பைப்பும் வால்வும். அடைத்துக்கொண்டால் தண்ணீரை விட்டுத் தள்ளு என்று ஒரு செம்பு குடிக்க வைத்தான். பட்டைக்கு மேலே இடமேது? அண்ணி கண் பிதுங்கிப் போனாள். அன்றைக்கு அவனை நான் வைத வசவு குவார்ட்டர்ஸ் முழுக்கக் கேட்டிருக்கும்.

பட்டையைத் தளர்த்திக்கொள்ளலாம்தான். ஆனால் அதற்குப் பம்பாய்க்குப் போக வேண்டும். பெங்களூரில் காட்டிய டாக்டர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று கையை விரித்துவிட்டார். அண்ணிக்கும் தளர்த்த மனசில்லை. சர்க்கரை இறங்கியிருந்தது. மாடிப்படி ஏறினாள். பழைய உடம்பு திரும்பிவிடுமோ என்ற பயம், அடைப்பதன் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

உடம்பு மளமளவென்று இறங்கியது. கன்னம் ஒட்டியது. பொழுதுக்கும் கொல்லையில் நின்று துப்புகிறாள். தங்க வயலில் இப்படி இருந்தால் ஊர் என்ன நினைக்கும்? சுரங்கத் தூசியில் எத்தனை நெஞ்சு அரித்துப்போனதைப் பார்த்த ஊர் இது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா முதலில் தன் வீட்டில் அண்ணிக்கென்று ஒரு தம்ளரைத் தனியாக வைத்தாள். அப்புறம் டி.பி. என்று நாலு வீட்டில் சொன்னாள்.

வினை அங்கேதான் வந்தது. ரத்தினம்மாவின் பெரியம்மா மகள் ஜெயம்மா பேத்தமங்களாவில் இருந்தாள். நிலம் நீச்சு உள்ள குடும்பம். அவள் மகன் ரவிகுமாரும் அண்ணியின் மகள் பல்லவியும் ஒரே ரயிலில் தினமும் பெங்களூர் வேலைக்குப் போய் வந்தவர்கள். பிடித்துப்போய்விட்டது. இரண்டு வீட்டிலும் பேசி, ஜாதகமும் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கை நனைப்பதுதான் பாக்கி. எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாத வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். சாப்பிட்டுவிட்டால் சம்பந்தம் உறுதி. வைத்ததைச் சாப்பிடாமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்த நேரத்தில் ஜெயம்மாவிடமிருந்து ஆள் வந்தது. எல்லோரும் வாருங்கள், சம்பந்தியம்மா கட்டாயம் வர வேண்டும், உட்கார்ந்து வயிறாரச் சாப்பிட வேண்டும் என்று. டி.பி.யா இல்லையா என்று கண்ணால் பார்க்கத்தான் அந்தக் கட்டாயம் என்று எங்கள் எல்லோருக்கும் புரிந்தது.

அந்த வாரம் அண்ணி சாப்பிடாமலே நடந்தாள். பாத்திரத்தை எடுப்பாள், வைப்பாள். துவைத்த புடவையை மறுபடி துவைப்பாள். பல்லவி ஒரு மூலையில் உட்கார்ந்து அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் தப்பினால் வேறு இடம் பார்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். பேத்தமங்களாவில் என்ன சமைப்பார்கள் என்று அண்ணி என்னைக் கேட்டாள். கேப்பைக் களியும் கோழிச் சாறும்தான், வேறென்ன என்றேன். அவளுக்குக் கொஞ்சம் தெம்பு வந்த மாதிரி இருந்தது. தினமும் கேப்பைக் கூழ் குடிக்கிறவள்தானே, அதே மாவுதானே என்று கணக்குப் போட்டாள். வீட்டில் ஒரு உருண்டை கிளறிச் சாப்பிட்டுப் பார் என்றேன். மாட்டேன் என்றாள். ஒருமுறை அடைத்தால் உள்ளே வீங்கிவிடும், மறுநாள் கூழும் இறங்காது என்ற பயம். நடந்ததைச் சொல்லித் தொலைத்துவிடலாமே என்று கேட்டேன். அவள் நடப்பதை நிறுத்தினாள்.

"டி.பி.ன்னு நெனச்சா பாவம்னாவது சொல்வாங்க லதா. இதச் சொன்னா சிரிப்பாங்க. சிரிச்ச வூட்ல எப்பிடி பொண்ணக் குடுக்கறது?"

ஞாயிற்றுக்கிழமை பல்லவியை வீட்டில் விட்டுவிட்டு அண்ணன், அண்ணி, நான், எங்கள் சித்தப்பா ஒருவர், நாலு பேரும் பஸ்ஸில் போனோம். ரத்தினம்மா எங்களுக்கு முன்னாலேயே அங்கே போய் இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். கூடத்தில் பாய் விரித்து வரிசையாகத் தட்டு வைத்தார்கள். ஜெயம்மா மெலிந்த, கறுத்த, அதிகம் பேசாத மனுஷி. அவளே களி உருண்டையை வைத்தாள். ரத்தினம்மா சாறு ஊற்றினாள். ஊற்றிவிட்டு அண்ணிக்கு எதிரே தூணில் சாய்ந்துகொண்டாள்.

களியைப் பிட்டு, உருட்டி, சாற்றில் தோய்த்து, தொண்டையில் போட்டு விழுங்க வேண்டும். பல்லில் படக் கூடாது. எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அண்ணி குன்றிமணி அளவு பிட்டு வாயில் வைத்தாள். மென்றாள். மெல்ல மெல்லக் களி பல்லில் அப்பிக்கொண்டது. நாக்கால் தள்ளினாள், மறுபடி மென்றாள். எல்லோரும் பாதி உருண்டை முடித்துவிட்டார்கள். அவள் முதல் வாயையே மென்றுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் சித்தப்பா ஒருவர் சிரித்துவிட்டார். ஃபேக்டரிக்காரர்களுக்குக் களி சாப்பிடத் தெரியவில்லை என்று யாரோ சொன்னார்கள். ரத்தினம்மா ஜெயம்மாவைப் பார்த்தாள். ஜெயம்மா அண்ணியைப் பார்த்தாள்.

"களிய மெல்லக் கூடாதுங்க. முழுங்குங்க."

அண்ணி ஒரு நெல்லிக்காய் அளவு பிட்டாள். தோய்த்தாள். போட்டு விழுங்கினாள். இன்னொன்றும் விழுங்கினாள். ஜெயம்மாவின் முகம் தெளிந்த மாதிரி இருந்தது. மூன்றாவதுக்குக் கை போகவில்லை. அண்ணியின் முகம் வெளுத்தது, கழுத்து விறைத்தது. என் அண்ணன் தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினான், பாவி. நான் அதைப் பிடுங்கி என் பக்கத்தில் வைத்தேன். அண்ணி உட்கார்ந்தபடியே இப்படியும் அப்படியும் அசைந்தாள். உட்கார்ந்திருக்க வேண்டும் என்று அவள் எவ்வளவு போராடினாள் என்பது எனக்குத்தான் தெரியும். வாயில் எச்சில் நிறைந்து கடைவாயில் வழிந்தது. எழுந்து, வாயைப் பொத்திக்கொண்டு, பின்கட்டு வழியாகக் கொல்லைக்கு ஓடினாள். முடிந்தது, பல்லவியிடம் என்ன சொல்வது என்று நினைத்துக்கொண்டே நானும் பின்னால் ஓடினேன்.

மாட்டுக்கொட்டகை ஓரமாக அவள் நடந்துகொண்டிருந்தாள். குனிந்தாள், நடந்தாள், மறுபடி குனிந்தாள். கடைசியில் விழுங்கியது விழுங்கியபடியே வந்து விழுந்தது. நிமிர்ந்தபோது ஜெயம்மா எதிரில் நின்றாள்.

ரத்தினம்மா சொன்னது நிஜம்தானா, இன்னா நோவு, மறைக்காமல் சொல்லுங்கள் என்று கேட்டாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. நான் வாயெடுக்குமுன் அண்ணி என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நோவு இல்லீங்க. ஒடம்பு பெருத்து மூச்சு முட்டி, சாவற மாதிரி ஆயிட்டேன். பம்பாய்ல ஆபரேசன் பண்ணி எரப்பையில ஒரு பட்டைய போட்டுக்கினேன். கொஞ்சமாத்தான் எறங்கும். மெல்லாம முழுங்கினா அடச்சிக்கும்."

"துன்ன முடியாதபடிக்கு நீங்களேவா கட்டிக்கினீங்க?"

"நானேதான்."

அண்ணி சிரிப்புக்காகக் காத்திருந்தாள். ஜெயம்மா சிரிக்கவில்லை. நம்பவும் இல்லை போலிருந்தது. அண்ணி புடவையை விலக்கி, அவள் கையைப் பிடித்துத் தன் வயிற்றில் வைத்தாள். ஜெயம்மாவின் விரல் அந்தப் பொத்தானைத் தேடிக் கண்டுபிடித்து அங்கேயே நின்றது.

"நான் வாழ வந்த புதுசுல ஏரி காஞ்சி கெடந்துது. ஈரத்துணிய வயித்துல இறுக்கிக் கட்டிக்கினு படுப்போம், பசி தெரியாதுன்னு. நீங்க இன்னாடான்னா உள்ளாறயே கட்டிக்கினு வந்துகிறீங்க."

என் வீட்டிலும் அந்தத் துணிக்கு வேளை வந்துகொண்டிருந்தது. அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். உயிரோடு இருக்கத்தானே கட்டிக்கொண்டீர்கள் என்று ஜெயம்மா கேட்டாள். அண்ணி ஆமாம் என்றாள். ஜெயம்மா கையை எடுத்தாள். புடவையை அவளே இழுத்துச் சரிசெய்துவிட்டு, உள்ளே போனாள்.

நாங்கள் பின்கட்டு நிலைப்படிக்கு வந்தபோது கூடத்தில் எல்லோரும் கையைத் தட்டில் வைத்தபடி அப்படியே இருந்தார்கள். ஜெயம்மா நேராகப் போய் அண்ணி உட்கார்ந்திருந்த இடத்தில் உட்கார்ந்தாள். அண்ணியின் தட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அண்ணி பிட்டு வைத்த அதே ஓரத்தில் களியைப் பிட்டு, அண்ணி கை வைத்த சாற்றில் தோய்த்து விழுங்கினாள்.

"அக்கா, அது அவங்க எச்சத் தட்டு" என்றாள் ரத்தினம்மா.

ஜெயம்மா இன்னொரு வாய் விழுங்கினாள். அதற்கப்புறம்தான் தலையைத் தூக்கினாள்.

"தெரியும். சாறு ஊத்து."

அண்ணி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்று அழுதாள். ரத்தினம்மா கரண்டியை எடுத்து வந்து அந்தத் தட்டில் சாறு ஊற்றினாள்.