மலையைப் பார்த்துப் படுத்த நாய்

எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயதானபோது ஊரும் வழிப்போக்கர்களும் சேர்ந்து அவனைச் சித்தராக்கிவிட்டார்கள். அதுவரை அவனுக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. "டேய்" என்றால் வருவான், "போடா" என்றால் போவான். கறுப்பு நாட்டு நாய். வாழ்க்கையில் அவன் செய்த ஒரே தவம், பக்கத்து வீட்டுக் கோழிக்கூண்டின் முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தது.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி எங்கள் வீடு. கேட்டுக்கு எதிரே மலை. அவனுக்கு இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டதால் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்க முடியாது. வாசல் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு வலப்பக்கமாகவே படுப்பான். அப்படிப் படுத்தால் முகம் தானாக மலைப் பக்கம் வந்துவிடும். இவ்வளவுதான் சங்கதி. ஆனால் கிரிவலம் வருகிறவர்களில் பாதிப் பேர் செருப்போடு மூளையையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வருகிறார்கள்.

"பாருங்க, மலையப் பாத்தே படுத்துனு இருக்குது. எதோ பெரிய சித்தருங்க" என்று ஒரு அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்கள். நெற்றியில் குங்குமம். முன்னங்காலுக்குப் பக்கத்தில் செவ்வந்திப் பூ. தேய்பிறை அஷ்டமி என்றால் பைரவருக்கு என்று வடை, பௌர்ணமி என்றால் பொட்டலம் பொட்டலமாக பிஸ்கட், சர்க்கரைப் பொங்கல். ஒரு நாயின் வயிற்றை நிரப்பிப் புண்ணியம் கட்டிக்கொள்கிறவர்கள், அந்த நாய் எழுந்து நிற்கிறதா என்று ஒரு நிமிடம் நின்று பார்க்க மாட்டார்கள். கைபேசியில் படம் பிடிக்க மட்டும் பத்து நிமிடம் நிற்பார்கள்.

என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். வாசலைக் கழுவி, அவனுக்கு ஒரு பாய் விரித்து, வருகிறவர்களிடம் கையைக் கட்டிக்கொண்டு, "எப்பவும் இதே எடந்தாங்க. நவுரவே மாட்டாரு" என்பார். எனக்குக் காய்ச்சல் வந்தால் என்னவென்று கேட்காத மனிதர் நாய்க்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.

ஒருநாள் காலை அவன் எழ முயன்றான். முன்கால் ஊன்றியது, பின்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் சறுக்கின. மூன்று முறை முயன்றுவிட்டு, படுத்த இடத்திலேயே மூத்திரம் போனான். போய்விட்டு என்னைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டான். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, "சமாதி நெலைக்குப் போறாரு போல" என்றார். கையிலிருந்த துடைப்பத்தை நான் ஓங்காமல் விட்டது என் பெருந்தன்மை.

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு டவுனில் மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா அவன் இடுப்பை அமுக்கிப் பார்த்தார். "வெயிட்டு ரொம்ப ஜாஸ்திங்க. இந்தக் கால் எப்படித் தாங்கும்? தீனியக் கம்மி பண்ணுங்க. வலிக்கு மாத்திரை தர்றேன். தெனம் கொஞ்சம் கொஞ்சமா நடக்க விடுங்க" என்றார்.

முதல் பாதி மட்டும் எனக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. ஊரைத் திட்ட டாக்டரே அனுமதி கொடுத்துவிட்டாரே. வீட்டுக்கு வந்ததும் அவனைக் கொல்லைப்புறம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் கட்டினேன். கேட்டைப் பூட்டினேன். வேகவைத்த பூசணி, கொஞ்சம் சோறு, ஒரு முட்டை. சித்தரைத் தேடி வந்தவர்களிடம், "செத்துட்டாரு, போங்க" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் முகம் போன போக்கைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

மூன்று வாரத்தில் இளைத்துவிட்டான். மறுபடி கொண்டுபோய்ப் பெருமையாகக் காட்டினேன். டாக்டரம்மா அவன் தொடையைத் தடவினார். சதையே இல்லை.

"எங்க படுத்துனு இருந்தான்?"

"கட்டித்தாங்க போட்டிருந்தேன். சிமெண்டுத் தரைல."

"நடக்க விடுங்கன்னு சொன்னேனே, காதுல விழலையா? வலியோட மொடங்கிப் படுத்தா மூட்டு இறுகிப் போயிடுங்க. இனி பத்து நாள்ல இவன் தானா எழுந்திரிக்கலன்னா அப்புறம் கஷ்டம்."

ஊரில் அத்தனை பேரையும் முட்டாள் என்றவள் அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

கோணிப்பையை நாலாக மடித்து மெத்தை போட்டேன். வழுக்காமல் இருக்க வாசல்வரை பழைய பாய்களை விரித்தேன். வயிற்றுக்கடியில் துண்டைக் கொடுத்துத் தூக்கி, "வாடா, வாடா" என்று கெஞ்சினேன். இரண்டடி வைப்பான், உட்கார்ந்துவிடுவான். கேரட்டைக் காட்டினால் என் கையை முகர்ந்துவிட்டுத் தலையைத் தொங்கப் போடுவான். கட்டிப் போட்ட கை அவனுக்கு மறக்கவில்லை என்று நினைத்தேன். ஒன்பது நாள் இப்படியே போயிற்று. நான் குளியலறையில் போய் அழுதேன்.

பத்தாம் நாள் பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே பாதையில் கூட்டம். வேறு வழி தோன்றாமல் கேட்டைத் திறந்து அவனை வாசலில் படுக்க வைத்தேன். மஞ்சள் புடவை கட்டிய ஒரு அம்மாள் நின்றாள். முன்பு கன்னத்தில் போட்டுக்கொண்ட அதே அம்மாள்.

"சாமி உயிரோடத்தான் இருக்காரா? செத்துட்டாருன்னாங்களே" என்று கண்ணில் தண்ணீர் விட்டாள். சொன்னது நான்தான் என்று அவளுக்குத் தெரிந்ததா இல்லையா, தெரியவில்லை. பைக்குள் கையை விட்டு பிஸ்கட்டை எடுத்தாள்.

அவன் காதுகள் நிமிர்ந்தன. முன்கால் ஊன்றியது. பின்கால்கள் நடுங்கின, சறுக்கின, மறுபடி ஊன்றின. துண்டு என் தோளில்தான் கிடந்தது. அவன் எழுந்து நின்றான்.

"அம்மா, இருங்க, குடுத்துடாதீங்க" என்று ஓடினேன். பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு கேரட் துண்டுகளை அவள் கையில் திணித்தேன். "நாலடி தள்ளி நின்னு கூப்புடுங்க. இத மட்டுந்தான்..." கொஞ்சம் விழுங்கிக்கொண்டு, "சாப்புடுவாரு" என்றேன்.

அவள் பின்னால் நகர்ந்து, இரண்டு கையாலும் கேரட்டை ஏந்தி, "வாங்க சாமி" என்றாள். அவளுக்குப் பின்னால் நின்ற ஏழெட்டுப் பேரும் சேர்ந்து கூப்பிட்டார்கள். என் வீட்டுக்காரர் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவன் அந்த நாலடியையும் நடந்தே போனான்.

இன்றைக்கும் வாசலில் ஒரு டப்பா நிறையக் கேரட் நறுக்கி வைக்கிறேன். காலையும் மாலையும் யார் யாரோ கூப்பிட, அவன் கேட்டிலிருந்து மின்கம்பம்வரை போய்த் திரும்புகிறான். அவர்களை முட்டாள்கள் என்று இப்போதும் சொல்வேன். நான் கூப்பிட்டால் மட்டும் அவன் இன்னும் வருவதில்லை.