வான் கதவு திறக்குமுன் வாசித்தது

விமானச் சத்தம் கேட்டால் நாங்கள் பதுங்குகுழிக்குள் இறங்குவோம். விமானத்துக்குள் இருந்து ஓட்டுகிறவர் என்ன செய்வார் என்று நான் யோசித்ததே இல்லை. குளத்து அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த கையோடு எஞ்சினியர் அதைத்தான் சொன்னார்.

முந்தி ஒருமுறை அவர் பலாலியிலிருந்து சின்ன விமானமொன்றில் கொழும்புக்குப் போனாராம். விமானிகளுக்கு நேர் பின்னால் இருக்கை. புறப்படுமுன் ஒருவர் அட்டையைப் பார்த்து வாசிக்க, மற்றவர் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்துப் பதில் சொன்னாராம். நாள்தோறும் ஓட்டுகிற விமானம், இருவருக்கும் எல்லாம் மனப்பாடம். இருந்தும் நேற்றுப் பழகியவர்கள் போல வாசித்தார்களாம். இடையில் யாரோ வந்து கதைத்தபோது, விட்ட இடத்திலிருந்து தொடராமல் திரும்ப முதல் வரிக்கே போனார்களாம்.

எங்களுக்கு மேலே குண்டு போட வருகிறவர்களும் இப்படி ஒழுங்காக வாசித்துவிட்டுத்தான் வருவார்களோ என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. ஆனால் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவும் இல்லை.

குளம் நிரம்பினால் ஆற்றுக்குத் தண்ணீர் விடுகிற வான் கதவுகளுக்கும் எஞ்சினியர் அப்படி ஓர் அட்டை எழுதினார். பூட்டு, சங்கிலி, சுழற்றும் பிடி, நீர்மட்டம், கடைசியில் ஆற்றுக்குள் ஆட்கள். வாசிக்கிற வேலை எனக்கு. கண்ணால் கண்டதை, கையால் தொட்டதை மட்டுமே பதிலாக எடுக்க வேண்டும் என்றார். "செய்திருப்பினம்" என்பது பதில் இல்லை.

மலையகத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதனால் அட்டையைக் கையில் எடுத்தால் என் குரல் தானாகவே உயரும். கதவடியில் வேலை செய்தவர்கள் என்னைப் பைலட் அம்மா என்றார்கள். பிளேன் எத்தனை மணிக்கு வெளிக்கிடுது என்று கேட்பார்கள். நான் சிரிக்காமல் முதல் வரியை வாசிப்பேன்.

அந்த மாரியில் மழை விடவேயில்லை. எஞ்சினியர் கிளிநொச்சிக்குப் போன இடத்தில் பாதை வெள்ளத்தில் மூழ்கிவிட்டது. தண்ணீர் அளவுகோலின் சிவப்புக் கோட்டைத் தொட்டால் திறக்கச் சொல்லி, வேலைகளை மேற்பார்க்கிற ஓவசியரிடம் பொறுப்புக் கொடுத்திருந்தார். அன்று காலையில் பார்த்தபோது தண்ணீர் கோட்டுக்கு ஒரு சாண் கீழே நின்றது. பிந்தினால் அணைக்கட்டு உடையும். முந்தினால் ஆறு வளைகிற இடத்தில் குடில் போட்டிருந்த சனத்தை வெள்ளம் கொண்டு போகும். சண்டையால் இடம்பெயர்ந்து வந்த குடும்பங்கள் அவை. காடு வெட்டிய இடத்தை விட்டு வந்த எங்கள் குடிலும் அங்கேதான்.

அவர்களை மேட்டுக்கு ஏறச் சொல்லச் சைக்கிளில் ஒரு தொழிலாளியை அனுப்பியிருந்தோம். ஓவசியர் அவசரப்பட்டார். நான் வாசித்தேன், அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பதில் சொன்னார். ஆற்றுக்குள் ஆட்கள் என்ற வரி வந்ததும், போனவன் சொல்லியிருப்பான், பிடியைச் சுத்துங்கோ என்று கதவடி ஆட்களிடம் சொன்னார்.

போனவர் திரும்பி வரட்டும் என்றேன்.

"உன்ர வீட்டு ஆக்களுக்காகக் குளத்தை உடைய விடப்போறியோ, பிள்ளை?"

அவர் சொன்னது பொய் என்று சொல்ல முடியவில்லை. அம்மாவையும் அப்பாவையும் நினைத்துக்கொண்டுதான் நின்றேன். ஆனால் அவர்கள் அங்கே இல்லாவிட்டாலும் அந்த வரி அந்த வரிதான். கையில் அட்டை நனைந்து வளைந்தது. அளவுகோலைப் பார்த்தேன், பாதையைப் பார்த்தேன், திரும்ப அளவுகோலைப் பார்த்தேன். ஓரிடத்தில் நிற்க முடியவில்லை.

சைக்கிள்காரர் சேற்றோடு வந்து இறங்கினார். எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்களாம், அம்மாவும் ஏறிவிட்டாராம். அப்பா மட்டும் ஒரு மாட்டுக் கன்றோடு குடிலடியில் நிற்கிறாராம்.

"நான் சொன்னனான் தங்கச்சி. மனுசன் அசையிறார் இல்லை. என்ர மகள் அங்க நிக்கிறா, எனக்குச் சொல்லாமல் திறக்க மாட்டா எண்டு சொல்றார்."

வீட்டில் நான் அடித்த பெருமையெல்லாம் நினைவுக்கு வந்தது. நான் வாசிக்காமல் ஒரு கதவும் அசையாது என்று சோறு தின்னும்போதுகூடச் சொல்லியிருக்கிறேன். அப்பா அதை அப்படியே நம்பிவிட்டார்.

"திரும்பப் போங்கோ அண்ணை. மகள்தான் திறக்கப்போறா எண்டு சொல்லுங்கோ. ஆளைக் கையோடு கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓவசியர் அளவுகோலைப் பார்த்தார். கோட்டைத் தொட்டால் பிறகு ஒரு வரியும் இல்லை என்றார். நான் தலையாட்டினேன். அதற்குமேல் கேட்க எனக்கும் முடியாது.

இருவரும் அளவுகோலடியில் குந்தியிருந்தோம். தண்ணீர் கோட்டுக்கு விரலளவு கீழே வந்துவிட்டது. அப்போது அணைக்கட்டில் சைக்கிள் தெரிந்தது. முன்பாரில் அப்பா, மடியில் ஒரு கன்றுக்குட்டி.

இடையில் நின்றுபோனதால் முதல் வரிக்குப் போனேன். பூட்டு. எடுத்தாச்சு. சங்கிலி. சரி. பிடி. சரி. நீர்மட்டம். கோட்டடியில்.

"ஆற்றுக்குள் ஆட்கள்?"

ஓவசியர் வாயைத் திறக்குமுன், கன்றை அணைத்தபடி நின்ற அப்பா, தன்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்துப் பதில் சொன்னார்.

"ஒருத்தரும் இல்ல புள்ள. நான்தான் கடைசி."

பிடி சுழலத் தொடங்கியது.