நான் எழுதிய தொண்ணூற்றைந்து

ஒரு மனிதருக்கு மூச்சு குறைந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியும். குறையவில்லை என்று எழுதினேன். என் காதில் விழுந்த எண் எண்பத்தெட்டு. நோட்டில் நான் எழுதியது தொண்ணூற்றைந்து!

கை தவறவில்லை. தெரிந்தேதான் எழுதினேன்.

நான் ஒரு மருத்துவர். போடியில் ஒரு மருத்துவமனையில் குடும்ப மருத்துவராக இருக்கிறேன். மலையிலிருந்து ஜீப்பில் இறங்குகிறவர்கள் முதலில் என் அறை வாசலில்தான் வந்து உட்காருவார்கள். கொரோனா காலத்தில் ஓடிப்போகாமல் நின்றவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அதை யாராவது சொன்னால் தலையைக் குனிந்துகொள்வேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்... நீங்களாவது அப்படி நினைத்துவிடாதீர்கள்.

அப்போது நான் பயிற்சியின் இரண்டாம் ஆண்டில் இருந்தேன். எங்கள் அணியில் நான்கு பேர். கூடப் படித்தவர்கள் இருதயம், எலும்பு, கண் என்று ஆளுக்கொரு துறையைப் பிடித்துக்கொண்டபோது, நான் குடும்ப மருத்துவத்தை விரும்பிக் கேட்டு வாங்கினேன். “அதுல போயி என்னடி இருக்கு? காய்ச்சல், தலைவலின்னு கடைசி வரைக்கும் சீட்டு எழுதப் போறியா?” என்று தோழிகள் சிரித்தார்கள். நோயாளியை மட்டும் பார்க்கிற மருத்துவராக நான் இருக்க வேண்டாம், அவருடைய வீட்டையே தெரிந்தவளாக இருக்கவேண்டும் என்று பெருமையாகப் பதில் சொன்னேன். எவ்வளவு அழகான சொற்கள்!

அப்படி நான் தெரிந்துகொண்ட வீடுகளில் ஒன்று குரங்கணிக்கு மேலே மலையில் இருந்தது. சின்னமாயன், அவர் மனைவி பாண்டியம்மா, மகள் செல்வி. சின்னமாயன் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை பார்த்தார். அந்தச் சூட்டிலும் புகையிலும் நின்று அவருக்கு இருமல் நிரந்தரமாகிவிட்டிருந்தது. பாண்டியம்மாவுக்குச் சர்க்கரை. மருத்துவ முகாமுக்குப் போகும்போதெல்லாம் அவர்கள் வீட்டில் கடுங்காப்பி குடிக்காமல் என்னைக் கீழே இறங்க விட்டதில்லை. “இது நம்ம டாக்டரம்மா” என்று பாண்டியம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வார்.

பிறகு அந்த இரண்டாவது அலை வந்தது.

எங்கள் பாடங்கள் நின்றுபோயின. பாதி நாள் வார்டு, பாதி நாள் தொலைபேசி. வீட்டிலேயே தனித்திருக்கும் நோயாளிகளின் பட்டியல் ஒன்றை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துவிட்டார்கள். தினமும் அழைக்கவேண்டும், விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி என்ன எண் காட்டுகிறது என்று கேட்டு எழுதவேண்டும், தொண்ணூற்று நான்குக்குக் கீழே இறங்கினால் உடனே கீழே வரவழைக்கவேண்டும். இவ்வளவுதான் வேலை. ஒரு குழந்தைகூடச் செய்யும்!

சின்னமாயன் பெயர் என் பட்டியலில் வந்தது. முதல் நாள் தொண்ணூற்றேழு, பிறகு தொண்ணூற்றாறு, நான்காம் நாள் தொண்ணூற்றைந்து. ஐந்தாம் நாள் மதியம் மூன்று மணி இருக்கும், அழைத்தேன்.

“டாக்டரம்மா, நேத்து ராத்திரியிலருந்து ரொம்ப மூச்சு வாங்குது. பேசவே முடியல அவருக்கு. இருங்க, அவருட்டயே குடுக்கேன்” என்றார் பாண்டியம்மா.

சின்னமாயன் பேசினார். “ஒண்ணுமில்ல... டாக்டரம்மா... நெஞ்சு... கொஞ்சம்...” ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு. ஒரு வாக்கியத்தை முடிக்க முடியாத நோயாளியைத் தாமதிக்காமல் கொண்டுவர வேண்டும் என்று முதல் வாரத்திலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள்.

“மெசின் எவ்வளவு காட்டுது?”

“எண்பத்தெட்டு” என்றார் பாண்டியம்மா. பள்ளிக்கூடம் போகாதவர். எண்களை மட்டும் செல்வியிடம் கேட்டுப் பழகியிருந்தார்.

நான் சொன்ன பதிலைக் கேளுங்கள். “மேல குளிருல்ல... விரல் சில்லுன்னு இருந்தா மெசின் தப்பாத்தான் காட்டும். கையை நல்லா சூடு பறக்கத் தேய்ச்சு விடுங்க. அப்புறமா வச்சுப் பாருங்க.”

“சரிங்க டாக்டரம்மா.”

குளிர்ந்த விரலில் கருவி தவறாகக் காட்டும் என்பது உண்மைதான். உண்மையைக் கொண்டே ஒருவரை ஏமாற்ற முடியும் என்று அன்று தெரிந்துகொண்டேன். தேய்த்த பிறகு என்ன காட்டியது என்று கேட்க நான் காத்திருக்கவில்லை. தொடர்பைத் துண்டித்தேன். முந்தைய நாள் கட்டத்தில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அதையே அடுத்த கட்டத்திலும் எழுதினேன்.

ஏன்?

களைப்பா? ஆம், களைப்புதான். பல நாட்களாகச் சரியான தூக்கமில்லை. படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை என்று எத்தனையோ பேரிடம் கை விரித்தவள் நான். பெரிய மருத்துவர் வேறு, “எல்லாரையும் கீழ இறக்காத, எங்க வைக்கிறது?” என்று காலையில்தான் சத்தம் போட்டிருந்தார். இவை எல்லாம் உண்மை. பல வருடங்கள் எனக்கு நானே இந்தக் காரணங்களைத்தான் சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அன்று படுக்கை இருந்தது!

மதியம் இரண்டு மணிக்கு வார்டு சிஸ்டர் வந்து, “ஒரு பெட்டு காலியாகுது டாக்டர்” என்று என் காதோடு சொன்னார். எங்கள் ஊர் தேவாரத்தில் என் அப்பாவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மரவள்ளித் தோட்டத்தில் யானை விரட்டக் காவல் இருந்துவிட்டு வந்து படுத்தவர் எழவில்லை. பரிசோதனை முடிவு மாலையில்தான் வரும். “என் பேஷண்ட் ஒருத்தர் வர்றாரு, யாருக்கும் குடுத்துறாதீங்க சிஸ்டர்” என்றேன். அப்பா என்று சொல்லவில்லை. பேஷண்ட் என்றேன்!

அதற்கு ஒரு மணி நேரம் கழித்துத்தான் நான் குரங்கணிக்கு அழைத்தேன். எண்பத்தெட்டு என்ற எண் காதில் விழுந்ததும் எனக்குச் சின்னமாயன் முகம் நினைவுக்கு வரவில்லை. அந்தப் படுக்கைதான் வந்தது. கீழே வரச் சொன்னால் அதை அவருக்குக் கொடுக்கவேண்டி வருமே... இதைத்தான் நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை.

மாலையில் முடிவு வந்தது. அப்பாவுக்குக் கொரோனா இல்லை. வெறும் காய்ச்சல்.

அப்போதாவது நான் அழைத்திருக்கலாம் அல்லவா? படுக்கை அப்போதும் காலியாகத்தான் இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுக்கவும் செய்தேன். ஆனால் மூன்று மணிக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதிவிட்டு ஆறு மணிக்கு அவசரமாகக் கொண்டுவரச் சொன்னால் பெரிய மருத்துவர் நோட்டைக் கேட்பாரே! எனக்கு என் கையெழுத்தைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு, படுக்கையை வேறு யாருக்காவது கொடுக்கும்படி சிஸ்டரிடம் சொன்னேன். சின்னமனூரிலிருந்து வந்த ஒருவருக்குக் கொடுத்தார்கள். அவர் பிழைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை அழைத்தபோது பாண்டியம்மா அழவில்லை. குரல் மட்டும் கம்மியிருந்தது.

“நீங்க சொன்ன மாதிரியே தேய்ச்சுக்கிட்டே இருந்தேன் டாக்டரம்மா. நானும் செல்வியும் ஆளுக்கொரு கையா விடிய விடியத் தேய்ச்சோம். சூடே ஏறல... கோழி கூப்பிடுற நேரம் போயிட்டாரு.”

நான் என்ன சொன்னேன் என்று நினைவில்லை. ஏதோ சொல்லியிருக்கவேண்டும். வீடு முழுக்கத் தெரிந்த மருத்துவர் அல்லவா!

எங்கள் நால்வரில் ஒருவர் மயக்கவியலுக்கு மாறினார். இன்னொருவர் வெளிநாடு போனார். மூன்றாமவர் பயிற்சியைப் பாதியிலேயே விட்டுவிட்டார். எனக்கு மதுரையில் கதிரியல் படிப்புக்கு இடம் கிடைத்தது. அங்கே நோயாளியின் படம் மட்டும் வரும், குரல் வராது. போய்விடலாம் என்றே முடிவு செய்திருந்தேன். அந்த வாரம் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பாண்டியம்மா என் எதிரே உட்கார்ந்து, “நீங்களும் போயிருவீகளோ?” என்று கேட்டார். போனால் ஏன் போகிறேன் என்று யாராவது கேட்பார்கள். கேள்வி வந்தால் நோட்டு வரும்... அந்தப் பயத்தில்தான் நின்றேன். இதைத்தான் ஊர் அர்ப்பணிப்பு என்கிறது.

பின்னொரு நாள் ஒரு படிவம் வந்தது. பெருந்தொற்று உங்கள் தொழில் குறித்த எதிர்காலப் பார்வையை எப்படி மாற்றியது என்று பயிற்சி முடித்தவர்களிடம் கேட்டிருந்தார்கள். நான்கு பதில்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். ‘மேலும் உறுதிப்படுத்தியது’ என்பதில் குறியிட்டேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய இரண்டாவது பொய்யான பதிவு அது.

போன மாதம் என்னால் தாங்க முடியவில்லை. பாண்டியம்மா தனியாக வந்திருந்தார். கதவைச் சாத்தினேன். “உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும்” என்று ஆரம்பித்தேன். எழுத்துத் தமிழில் ஆரம்பித்தேன் என்பதுகூட எனக்கு உறைக்கவில்லை. எண்பத்தெட்டைச் சொன்னேன். நான் எழுதிய எண்ணையும் சொன்னேன்.

அவர் மடியில் இருந்த பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார்.

“அன்னைக்கே கொண்டாந்திருந்தா பொழச்சிருப்பாரா?”

“தெரியலம்மா. பொழச்சிருக்கலாம்.”

“பெறகு ஏன் வரச் சொல்லல?”

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத்தனை ஆண்டுகள் காத்திருந்தேன். படுக்கை, அப்பா, சிஸ்டரிடம் சொன்ன பொய், மாலை ஆறு மணி... எல்லாம் தொண்டை வரை வந்தன.

“களைப்பும்மா” என்றேன். “தூங்கவே இல்ல அந்த வாரமெல்லாம். எடமும் இல்ல.”

எடமும் இல்ல!

பாண்டியம்மா அழுதார். நானும் அழுதேன். பிறகு அவர் எழுந்து வந்து என் தோளைத் தொட்டார். “நீங்களும் மனுசிதான... எத்தன பேரத்தான் பாப்பீக? விடுங்க டாக்டரம்மா. இத மனசுல வச்சுக்கிட்டு இருக்காதீக” என்றார். நான் அந்தக் கையை விலக்கியிருக்கவேண்டும். விலக்கவில்லை. அவர் மன்னித்தது நான் செய்யாத ஒரு குற்றத்தை. செய்த குற்றத்தை இன்னும் அவருக்குச் சொல்லவே இல்லை.

இதை இப்போது ஏன் உங்களிடம் சொல்கிறேன் என்று கேட்கலாம். நேற்று மலையிலிருந்து ஒரு பெண் வந்தாள். கைக்குழந்தைக்குச் சளி. இதற்குமுன் என்னிடம் வந்ததே இல்லை.

“பாண்டியம்மா மதினிதான் உங்ககிட்டக் காட்டச் சொன்னாக” என்றாள். “தப்பு நடந்தாலும் மறைக்காமச் சொல்ற டாக்டரு இந்த ஊருல ஒருத்தர்தானாம். ஜீப்பு பூராவும் இதே பேச்சுத்தான்.”

குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டேன். என்னை நம்பி அது என் சட்டைப் பொத்தானைப் பிடித்து இழுத்தது. வாசலில் அதே ஜீப்பில் வந்த இன்னும் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள்.