தலையணை உறையில் கருவாடு

பதுளை சூப்பர் மார்க்கெட்டில் பொலித்தீன் பை நீட்டிய பெண்ணிடம் வீட்டுத் தலையணை உறையை நீட்டி, "கருவாட்ட இதுலயே போடும்மா" என்று அடம்பிடித்து, பின்னால் நின்ற வரிசையிடம் ஏச்சு வாங்கினேன். ஐம்பது வயதில் செய்கிற காரியமில்லைதான். ஆனால் உறையிலிருந்து அந்த வாடை எழுந்ததும், நமுனுகுல தேயிலைத் தோட்டத்து லயத்தில் சம்பளத்துக்கு மறுநாள் அம்மா கடைக்குப் போக உருவியெடுக்கும் உறையும், பழைய தாளில் சுற்றி அதற்குள் இறங்கும் பருப்பும் கருவாடும், இரவில் அதிலேயே கன்னம் வைத்து நாங்கள் கண்ட மீன் கனவுகளும் திரும்பின. அன்று லயத்துச் சாக்கடைக் கானை அடைத்தது சருகு; இன்று பொலித்தீன் பை. நான் அந்தப் பையைத் தொடுவதாயில்லை, ஏசுகிறவர்கள் ஏசட்டும்.

வீட்டில் மனைவி உறையை முகர்ந்து பார்த்தாள்.

"இதத் தொவைக்கிற பவுடரு பிளாஸ்டிக் பையிலதாங்க வருது."